பாக்கு நீரிணை வர்த்தக வழித்தடம்: வாய்ப்புகளும் சவால்களும்

மெல்பேர்ன் நகர மையத்திலிருந்து டண்டினோங் சுமார் 30 கிலோமீற்றர். இலங்கையின் தலைமன்னாருக்கும் தமிழ்நாட்டின் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள கடலும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆனால் யாழ்ப்பாணத்து உற்பத்தியாளர் ஒருவர் தமிழ்நாட்டுச் சந்தைக்குப் பொருள் அனுப்ப விரும்பினால், அது பெரும்பாலும் முதலில் சுமார் 400 கிலோமீற்றர் தெற்கே உள்ள கொழும்புக்குப் போய், அங்கே கொள்கலனில் ஏறி, மறுபடி வடக்கு நோக்கித் திரும்ப வேண்டியிருக்கிறது. கடல் மாறவில்லை. அதைக் கடக்கும் வழிதான் அடைபட்டுக் கிடக்கிறது.

இந்த வழியைத் திறப்பது பற்றிக் கடந்த சில ஆண்டுகளாக நிறையப் பேசப்படுகிறது. கப்பல் சேவை, விமான சேவை, மின்கம்பி இணைப்பு, எண்ணெய்க் குழாய், ஏன், கடலுக்கு மேலாக ஒரு தரைவழிப் பாலம்கூட அரசுகளின் அறிக்கைகளில் இடம்பெற்றுள்ளன. ஒவ்வோர் அறிவிப்பின்போதும் சிட்னியிலும் மெல்பேர்னிலும் வாழும் எம்மவரிடையே எதிர்பார்ப்பும் ஐயமும் சேர்ந்தே எழுகின்றன. எல்லை தாண்டும் வர்த்தக வழித்தடம் என்றால் என்ன, அது எப்போது பயன் தரும், எப்போது வெறும் திறப்பு விழாவோடு நின்றுவிடும் என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

வழித்தடம் என்பது வெறும் வீதியல்ல

"பொருளாதார வழித்தடம்" என்ற கருத்து பரவலாகப் பேசப்படத் தொடங்கியது 1990களின் பிற்பகுதியில். தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா முதலிய மேக்கொங் ஆற்றுப் படுகை நாடுகளை இணைக்கும் திட்டத்துக்காக, ஆசிய அபிவிருத்தி வங்கியின் துணையுடன் 1998இல் அந்நாடுகள் இதனை ஏற்றுக்கொண்டன. வீதி போட்டால் மட்டும் போதாது. அந்த வீதியோரத்து ஊர்களில் தொழிலும் சந்தையும் வேலைவாய்ப்பும் வளர வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

எந்த வழித்தடத்திலும் மூன்று அடுக்குகள் உண்டு. முதலாவது கண்ணுக்குத் தெரிவது: துறைமுகம், தண்டவாளம், பாலம், மின்கம்பி. இரண்டாவது கண்ணுக்குத் தெரியாதது: சுங்கத் தீர்வை, வீசா, தரச் சான்றிதழ், தாவர நோய்த் தடுப்புப் பரிசோதனை, காப்புறுதி, வங்கிக் கொடுப்பனவு. மூன்றாவது, அந்தப் பாதை கடந்துபோகும் ஊர்களில் வாழும் மக்களுக்கு அதனால் கிடைக்கும் வாழ்வு. அரசியல்வாதிகள் நாடா வெட்டுவது முதலாவது அடுக்குக்கு. ஒரு வழித்தடம் வாழ்வதும் சாவதும் மற்ற இரண்டிலும்தான்.

உலக அனுபவம் இதையே காட்டுகிறது. சீனாவின் காஷ்கரையும் பாகிஸ்தானின் குவாடர் துறைமுகத்தையும் இணைக்கும் சீன - பாகிஸ்தான் பொருளாதார வழித்தடம் 2015இல் பெரும் அறிவிப்புகளுடன் தொடங்கியது. ஆனால் 2021இன் இறுதியில் குவாடர் மக்களே வாரக்கணக்கில் வீதியில் இறங்கிப் போராடினர். அவர்கள் கேட்டது குடிநீர், மின்சாரம், சோதனைச் சாவடிகளின் கெடுபிடியைத் தளர்த்துதல், தங்கள் கடலில் பெரிய இழுவைப் படகுகள் மீன்பிடிப்பதை நிறுத்துதல் ஆகியவற்றை. வடபுலத்து மீனவரின் குரலைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் கோரிக்கைப் பட்டியல் புதிதாக இராது.

2023 செப்டெம்பர் 9ஆம் திகதி புதுடில்லி ஜி20 மாநாட்டில் அறிவிக்கப்பட்ட இந்திய - மத்திய கிழக்கு - ஐரோப்பிய வழித்தடம் இன்னோர் உதாரணம். இந்தியாவிலிருந்து வளைகுடா நாடுகளுக்குக் கப்பல், அங்கிருந்து இஸ்ரேலின் ஹைஃபா வரை தண்டவாளம், பின்னர் ஐரோப்பாவுக்குக் கப்பல் என்பது திட்டம். ஒரு மாதம் ஆவதற்குள் காசாப் போர் வெடித்தது. வரைபடத்தில் கோடு போடுவது எளிது; கோடு கடக்கும் நிலங்களில் அமைதி இல்லாவிட்டால் அது கோடாகவே இருக்கும்.

எமக்கு அருகிலுள்ள எல்லை: அல்பரி

இதைப் புரிந்துகொள்ள வெகுதூரம் போகத் தேவையில்லை. சிட்னிக்கும் மெல்பேர்னுக்கும் இடையில் காரில் பயணிக்கும்போது மறே ஆற்றைக் கடக்கும் இடத்தில் அல்பரி நகரம் வருகிறது. எதிர்க்கரையில் விக்டோரியாவின் வொடொங்கா. இன்று அந்த இடத்தை நிற்காமலே கடந்துவிடலாம். ஆனால் 1901க்கு முன்னர் நியூ சவுத் வேல்ஸும் விக்டோரியாவும் தனித்தனிக் குடியேற்ற நாடுகள். இரண்டும் தத்தம் சுங்கத் தீர்வையை வைத்திருந்தன. விக்டோரியா உள்ளூர்த் தொழில்களைக் காக்க வரி விதித்தது. நியூ சவுத் வேல்ஸ் பெரும்பாலும் சுதந்திர வர்த்தகத்தை நம்பியது. ஆற்றின் கரைகளில் சுங்க அதிகாரிகள் காவல் இருந்தார்கள்.

அதைவிட வேடிக்கை தண்டவாளம். நியூ சவுத் வேல்ஸ் முதலில் 5 அடி 3 அங்குல அகலத்தைத் தெரிவு செய்தது. விக்டோரியாவும் அதையே பின்பற்றியது. பின்னர் நியூ சவுத் வேல்ஸில் பொறியியலாளர் மாறினார். அகலமும் 4 அடி 8½ அங்குலமாக மாறியது. 1883 ஜூன் 14ஆம் திகதி இரு தண்டவாளங்களும் அல்பரியில் விழா எடுத்துச் சந்தித்தபோது, ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஓட முடியவில்லை. பயணிகள் மூட்டை முடிச்சுகளுடன் இறங்கி அடுத்த வண்டிக்கு மாறினர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில்கூடத் தளவாடங்களை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மறு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரே அகலப் பாதையில் சிட்னியிலிருந்து மெல்பேர்ன் வரை நேரே வண்டி ஓடியது 1962இல். இடையில் போனது 79 ஆண்டுகள்.

சுங்கத் தடை அதற்கு முன்பே நீங்கியது. நீக்கியதில் எல்லையோர மக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. வரியாலும் சோதனையாலும் நாளாந்தம் அல்லலுற்றவர்கள் அவர்களே. 1893இல் மறே ஆற்றங்கரையிலுள்ள கொறோவா நகரில் கூடிய மாநாடு, கூட்டாட்சிக்கான பேச்சைத் தலைவர்களின் கையிலிருந்து மக்களின் கைக்கு மாற்றியது எனச் சொல்லலாம். 1901இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 92ஆம் பிரிவு, மாநிலங்களிடையேயான வர்த்தகம் முற்றிலும் சுதந்திரமானது எனப் பிரகடனம் செய்தது.

அந்த எல்லை மீண்டும் மூடப்பட்டதை எம்மில் பலர் கண்டோம். கோவிட் காலத்தில், 2020 ஜூலையில், நியூ சவுத் வேல்ஸ் விக்டோரிய எல்லையை மூடியது. அதற்கு முன் அப்படி நடந்தது 1919இன் தொற்றுக் காய்ச்சல் காலத்தில்தான். பாலமும் வீதியும் அப்படியே இருந்தன. ஒரே ஓர் ஆணை மாறியது. அல்பரியில் வீடும் வொடொங்காவில் வேலையுமாக இருந்தவர்கள் அனுமதிப் பத்திரத்துடன் வரிசையில் நின்றார்கள்.

பழைய வழித்தடம்

பாக்கு நீரிணைக்கு இந்தப் பாடம் பழையது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு மன்னன் நயினாதீவில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று இன்றும் உள்ளது. ஊர்காவற்றுறைக்கு வரும் வெளிநாட்டு வணிகருக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்கிறது அது. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரசுக்கு, மிகுதி உடையவனுக்கு; ஏனைய வணிகப் பொருள் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் பாதி அரசுக்கு, பாதி உடையவனுக்கு. வணிகன் ஒருவன் தன் மரக்கலத்தைக் கடலில் இறக்கும் முன் தெரிந்துகொள்ள விரும்புவது இதைத்தான்: நட்டம் வந்தால் எனக்கு என்ன மிஞ்சும்? அதற்குக் கல்லில் பதில் எழுதி வைத்தார்கள்.

பிற்காலத்தில் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போனது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து நெல்லும் துணியும் வந்தன. வல்வெட்டித்துறையும் ஊர்காவற்றுறையும் அந்தப் பாய்க்கப்பல் வணிகத்தில் வளர்ந்த ஊர்கள்.

நவீன வழித்தடம் 1914இல் பிறந்தது. அவ்வாண்டு பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. மார்ச்சில் இந்தோ - சிலோன் இணைப்புச் சேவை தொடங்கியது. சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை புகையிரதம், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், மறுபடி கொழும்புக்குப் புகையிரதம். மக்கள் அதை "போட் மெயில்" என்றே அழைத்தார்கள்.

ஆனால் அந்த வழித்தடம் யாருக்காக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மலையகத் தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுசெல்வது அதன் முக்கிய பணிகளில் ஒன்று. அதற்கு முந்திய தலைமுறை மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தது. வழியிலேயே மாண்டவர் பலர். பின்னர் வந்தவர்கள் மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டு, மருத்துவச் சோதனைக்குப் பிறகே கப்பல் ஏற விடப்பட்டார்கள். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அதே மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே கடல்வழியே இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். போர் மூண்டபின் அதே மண்டபம், ஈழத்து அகதிகளின் முகாமானது. ஒரே பாதை, மூன்று விதமான பயணம். பாதை திறந்திருப்பதால் மட்டும் அதில் போகிறவர்களுக்கு நன்மை வந்துவிடாது.

1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு ஒரு புகையிரதமே கடலுக்குப் பலியானது. அதன்பின் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே "இராமானுஜம்" கப்பல் ஓடியது. 1980களில் போர் மூண்டதோடு அதுவும் நின்றது.

போருக்குப் பின்: திறப்பதும் மூடுவதும்

2009இன் பின்னர் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் ஒரு கோலம் தெரிகிறது. 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. சில மாதங்களிலேயே நின்றுபோனது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2015 மார்ச்சில் இந்தியக் கடனுதவியில் புனரமைக்கப்பட்ட தலைமன்னார்ப் பாதை திறந்து வைக்கப்பட்டது. ஆனால் தலைமன்னார் இறங்குதுறையில் புகையிரதத்துக்காக எந்தக் கப்பலும் காத்திருக்கவில்லை.

2019 ஒக்டோபரில் பலாலி விமான நிலையம் சர்வதேச விமான நிலையமானது. நவம்பரில் சென்னை விமானம் வந்தது. சில மாதங்களில் கோவிட் அதை நிறுத்தியது. 2022 டிசம்பர் வரை சேவை இல்லை. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் வந்தது. ஒருவழிக் கட்டணம் வரி உட்பட 7,670 இந்திய ரூபா. ஒரு வாரத்துக்குள் பருவநிலை காரணமாக நிறுத்தப்பட்டது. 2024 ஓகஸ்டில் "சிவகங்கை" என்ற வேறொரு கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. வடகீழ்ப் பருவ மழைக்காலத்தில் நின்றது. 2025 பெப்ரவரியில் மறுபடி தொடங்கியது.

இங்கே ஓர் முரண்நகையும் உண்டு. அல்பரியில் தண்டவாளங்கள் சந்தித்தன, அகலம் பொருந்தவில்லை. பாக்கு நீரிணையில் நிலைமை நேர்மாறு. பாம்பன் பாதை 2007இல் அகலப் பாதையாக மாற்றப்பட்டபின், இராமேஸ்வரத்திலும் தலைமன்னாரிலும் உள்ள தண்டவாளங்கள் ஒரே 1,676 மில்லிமீற்றர் அகலம். அகலம் பொருந்துகிறது, தண்டவாளங்கள்தான் சந்திக்கவில்லை.

வாய்ப்புகள்

வழித்தடம் முறையாக இயங்கினால் வடக்குக்குக் கிடைக்கக்கூடியது கொஞ்சமல்ல. முதலாவது, காங்கேசன்துறைத் துறைமுகம். அதன் புனரமைப்புக்கு 2018இல் 45 மில்லியன் டொலருக்குச் சற்று அதிகமான இந்தியக் கடன் ஒதுக்கப்பட்டது. 2024இல் ஏறத்தாழ 61.5 மில்லியன் டொலர் செலவை முழுவதும் நன்கொடையாக ஏற்க இந்தியா முன்வந்தது. சரக்குக் கப்பல்கள் ஒழுங்காக வந்துபோகும் நிலை ஏற்பட்டால் சீமெந்து, உரம், கட்டடப் பொருட்களின் போக்குவரத்துச் செலவு குறையும். மீன், நண்டு, பனம்பொருள், பழவகை என்பனவற்றுக்குத் தமிழ்நாட்டுச் சந்தை அருகில் வரும்.

இரண்டாவது, மக்கள் பயணம். மருத்துவம், கல்வி, திருமணக் கொள்வனவு, சிதம்பரம் - வேளாங்கண்ணி - நாகூர் யாத்திரை என வடபுலத்தார் தமிழ்நாட்டுக்குப் போகும் காரணங்கள் ஏராளம். மறுபுறம் நல்லூர்த் திருவிழாவுக்கும் நயினாதீவுக்கும் அங்கிருந்து வருவோரால் தங்குமிடம், உணவகம், வாகனம் ஆகிய தொழில்கள் வளரும். இந்த வருமானம் பெரிய நிறுவனங்களை மட்டுமன்றிச் சிறு குடும்பங்களையும் சென்றடையக்கூடியது.

மூன்றாவது, மின்சாரம். மன்னாரிலும் பூநகரியிலும் காற்று வளம் உண்டு. கடலடிக் கம்பி மூலம் இரு நாட்டு மின்வலையமைப்புகளை இணைப்பது பற்றி 2025 ஏப்ரலில் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. 2022இன் பொருளாதார வீழ்ச்சியின்போது மணிக்கணக்கில் இருளில் இருந்த நாட்டுக்கு இதன் பெறுமதி தெரியும்.

சவால்கள்

முதற் சவால் விதிகளில் உள்ளது. இந்திய - இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 டிசம்பரில் கைச்சாத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. "சுதந்திரம்" என்ற பெயர் இருந்தாலும் இலங்கைத் தேயிலைக்கு ஆண்டுக்கு 15 மில்லியன் கிலோ, ஆயத்த ஆடைக்கு 8 மில்லியன் துண்டுகள் என்று சலுகைக்கு உச்சவரம்பு வைக்கப்பட்டது. ஆரம்பத்தில் எந்தத் துறைமுகம் வழியாக இவை நுழையலாம் என்ற கட்டுப்பாடும் இருந்தது. தீர்வையைக் குறைத்துவிட்டுத் துறைமுகத்தைச் சுருக்கினால், ஏற்றுமதியாளருக்குக் கிடைப்பது அரைக் கதவு மட்டுமே.

இரண்டாவது, ஒருவழிப் பாதையாகிவிடும் அச்சம். இந்தியா இலங்கைக்கு விற்பது, இலங்கையிடம் வாங்குவதைவிடப் பல மடங்கு. தமிழ்நாட்டின் பெருந்தொழில்களோடும் பெரும் பண்ணைகளோடும் வடக்கின் சிறு விவசாயி விலையில் போட்டியிட இயலாது. சின்ன வெங்காயமும் மிளகாயும் அறுவடையாகும் காலத்தில் இறக்குமதி வந்து குவிந்தால் என்ன நடக்கும் என்பதை யாழ்ப்பாணத்து விவசாயிக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கப்பல் நிரம்பி வந்து வெறுமையாகத் திரும்பினால், அது வடக்கின் வழித்தடமாகாது; மற்றவரின் விற்பனைப் பாதை மட்டுமே.

மூன்றாவது, மீனவர் பிரச்சினை. நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வருகிறது. அதே மாவட்டக் கரையிலிருந்து இழுவைமடிப் படகுகளும் வருகின்றன. இலங்கை 2017இல் அடிமட்ட இழுவை மீன்பிடியைச் சட்டத்தால் தடை செய்தது. ஆனாலும் வடபுலத்துச் சிறு மீனவரின் வலைகள் அறுபடுவதும், தமிழ்நாட்டு மீனவர் கைதாவதும், சில வேளைகளில் உயிர் போவதும் தொடர்கின்றன. இருபுறமும் இருப்பவர்கள் ஏழைகள், இருபுறமும் தமிழர். இதைத் தீர்க்காமல் அமைக்கப்படும் எந்தக் கடல்வழியையும் வடக்கின் கரையோரக் கிராமங்கள் தம்முடையதாக ஏற்றுக்கொள்ளப் போவதில்லை.

நான்காவது, தென்னிலங்கையின் அச்சம். தரைவழிப் பாலம் என்றதும் படையெடுப்பு என்ற சொல் அங்கே அரசியலில் எழுகிறது. 2008இல் கைச்சாத்தாக இருந்த விரிவான பொருளாதார உடன்படிக்கையும், அதன்பின் பேசப்பட்ட எட்கா உடன்படிக்கையும் முடிவு எட்டாமல் இழுபட்டதில், வேலைவாய்ப்புப் போய்விடும் என்ற தொழில்வல்லுநர் சங்கங்களின் எதிர்ப்புக்குப் பங்கு உண்டு. 2023 ஜூலையில் ரணில் விக்கிரமசிங்கவும் நரேந்திர மோடியும் வெளியிட்ட கூட்டு அறிக்கை, தரைவழி இணைப்புக்கான சாத்திய ஆய்வைக் குறிப்பிட்டது. இலங்கையில் ஆட்சி மாறியதும் எந்தத் திட்டம் முன்னுக்கு வரும், எது பின்னுக்குப் போகும் என்ற கேள்வியும் சேர்ந்தே வந்தது.

ஐந்தாவது, வல்லரசுப் போட்டி. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளின் கலப்பு மின்திட்டம் 2021இல் சீன நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டது. இந்தியா கவலை தெரிவித்தது. பின்னர் திட்டம் இந்திய நன்கொடைக்கு மாறியது. அந்தத் தீவுகளின் மக்களுக்கு வேண்டியது 24 மணிநேர மின்சாரம். அது யாருடைய கொடியோடு வரும் என்ற போட்டியில் காலம் கழிந்தது. மன்னார், பூநகரிக் காற்றாலைத் திட்டத்திலிருந்து அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. மின்சாரத்தின் விலை பற்றிய சர்ச்சை ஒருபுறம். வலசை வரும் பறவைகள், மழைநீர் வடிகால், காணி பற்றி மன்னார் மக்கள் எழுப்பிய கேள்விகள் மறுபுறம்.

சூழலும் அலட்சியம் செய்யக்கூடியதல்ல. மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளும் கடற்புல் வெளிகளும் கடற்பசுக்களும் உலகில் அரிதானவை. 2005 ஜூலையில் தொடங்கப்பட்ட சேதுசமுத்திரக் கால்வாய்த் திட்டம் மத நம்பிக்கை, சூழல், பொருளாதாரப் பயன் ஆகிய மூன்று கேள்விகளிலும் சிக்கி, நீதிமன்றத்தில் வழக்காகிப் பாதியில் நின்றது. முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கடலை அகழத் தொடங்கிய பின் கேட்டதன் விளைவு அது.

மேசையில் யார் இருக்கிறார்கள்?

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கேள்வி கிடக்கிறது. கொறோவாவில் எல்லையோர மக்கள் கூடிப் பேசினார்கள். பாக்கு நீரிணை பற்றிய முடிவுகள் புதுடில்லியிலும் கொழும்பிலும் எடுக்கப்படுகின்றன. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல கடந்தும் தேர்தல் நடக்கவில்லை. தெரிவுசெய்யப்பட்ட மாகாண சபை இல்லாத நிலையில், காங்கேசன்துறையில் என்ன இறங்க வேண்டும், எந்தப் பருவத்தில் எந்த இறக்குமதியைத் தடுக்க வேண்டும், யாருடைய காணி எடுக்கப்படலாம் என்பதை வடக்கின் சார்பில் யார் சொல்வது? வழித்தடத்தின் மூன்றாவது அடுக்கு, அதாவது வழியோர மக்களின் வாழ்வு, தானாக வராது. அதைக் கேட்டுப் பெற ஒரு வாய் வேண்டும்.

அவுஸ்திரேலியாவிலிருந்து பார்க்கையில்

விதிகள் ஒரு பாதையை எப்படித் திறக்கும் என்பதற்கு அவுஸ்திரேலியாவே சாட்சி. 2022 டிசம்பர் 29ஆம் திகதி இந்தியாவுடனான வர்த்தக உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, அவுஸ்திரேலிய ஆட்டிறைச்சிக்கு இந்தியா விதித்திருந்த 30 வீதத் தீர்வை அன்றே நீங்கியது. புதிய துறைமுகமோ புதிய பாலமோ கட்டப்படவில்லை. இலங்கையுடன் அவுஸ்திரேலியாவுக்கு அத்தகைய சுதந்திர வர்த்தக உடன்படிக்கை இல்லை. ஆயினும் விக்டோரியாவின் விம்மெரா சமவெளியில் விளையும் மைசூர்ப் பருப்பு போன்றவை கடல் கடந்து எங்கள் ஊர்ச் சமையலறைகள் வரை போகின்றன.

விதிகள் ஒரு பாதையை மூடுவதையும் நாம் அறிவோம். கப்ரா வண்டு என்ற தானியப் பூச்சி நுழையாமல் தடுக்க, 2020இலிருந்து பயணப் பொதிகளிலும் தபாலிலும் அரிசி, பருப்பு, செத்தல் மிளகாய், மல்லி, சீரகம் முதலியவற்றைக் கொண்டுவர அவுஸ்திரேலியா தடை விதித்தது. ஊரிலிருந்து அம்மா கட்டித்தந்த செத்தல் மிளகாய்ப் பொதி விமான நிலையத்தில் குப்பைத் தொட்டிக்குப் போவது இதனால்தான். இது பகைமையால் வந்த தடையல்ல. கோதுமை வயல்களைக் காக்க வந்தது. வடக்கில் உற்பத்தி செய்து இங்கே சந்தைப்படுத்த எண்ணும் எம்மவர் முதலில் படிக்க வேண்டியது இந்த விதிகளை. ஒரு புதிய பழவகையை அனுமதிக்கும் முன் பூச்சி, நோய் பற்றிய ஆபத்து மதிப்பீடு நடக்கும். அதற்கு ஆண்டுகள் ஆகலாம். பதனிட்ட, சூடாக்கிய, முறையாகப் பொதிசெய்த பொருளுக்கு வழி எளிது. ஆகவே முதலீடு என்றதும் காணியும் கட்டடமும் மட்டும் நினைவுக்கு வரக் கூடாது. குளிரூட்டிய களஞ்சியம், பரிசோதனைக் கூடம், பதனிடும் நிலையம், சான்றிதழ் பெறப் பயிற்சி என்பனவே வடக்கின் பொருளை எந்தக் கடலையும் கடக்க வைக்கும்.

அடுத்த கப்பலோ அடுத்த பாலமோ அறிவிக்கப்படும்போது, மகிழ்வதற்கும் எதிர்ப்பதற்கும் முன் சில கேள்விகளைக் கேட்கலாம். அது பயணிகளை மட்டும் ஏற்றுமா, சரக்கையும் ஏற்றுமா? காங்கேசன்துறையிலேயே சுங்கமும் தாவரப் பரிசோதனையும் முடியுமா, அல்லது பத்திரங்களுக்குக் கொழும்பு போக வேண்டுமா? திரும்பிப் போகும் கப்பலில் எங்கள் பொருள் என்ன இருக்கும்? மழைக்காலத்தில் சேவை நின்றால், ஒப்பந்தம் செய்த வியாபாரிக்கு மாற்று வழி என்ன? மீனவர் சங்கங்களிடமும் விவசாயிகளிடமும் யாராவது பேசினார்களா?

இவற்றுக்குப் பதில் இருக்கும் திட்டம் சிறியதாயினும் ஆதரிக்கத் தக்கது. பதில் இல்லாத திட்டம் எத்தனை கோடி டொலர் பெறுமதியானாலும், தலைமன்னார் இறங்குதுறையைப் போல, கப்பலுக்காகக் காத்துக் கிடக்கும்.